பழைய மினி ஹிட்டாச்சி: நியாய விலையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கோடையில் கிணற்று நீர்மட்டம் கீழே போனதும் கொங்குப் பகுதித் தோட்டங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கிணற்று மேட்டில் ஒரு கிரேன் நிற்கும். அதன் கொக்கியில் மூன்று டன் எடையுள்ள மினி ஹிட்டாச்சி தொங்கும். மேலே நிற்பவர்கள் கைகாட்ட, அது சுவரில் இடிக்காமல் அங்குலம் அங்குலமாக உள்ளே இறங்கும். அடியில் போய் நின்றதும் இன்ஜின் உறுமும். சேறும் பாறைத் துண்டும் தொட்டியில் ஏறி மேலே வரும். ஆட்கள் கூடையில் சுமந்து வாரக்கணக்கில் செய்த வேலை சில நாட்களில் முடிந்துவிடுகிறது.

எந்தக் கம்பெனி தயாரித்திருந்தாலும், செயினில் ஓடும் இந்தச் சின்ன மெஷினுக்கு நம் ஊரில் மினி ஹிட்டாச்சி என்றே பெயர். ஜேசிபி திரும்ப முடியாத சந்துக்குள் இது நுழைந்துவிடும். சொட்டுநீர்க் குழாய் பதிக்க, தென்னங்குழி எடுக்க, செப்டிக் டேங்க் தோண்ட, வீடுகள் நெருக்கி நிற்கும் தெருவில் அஸ்திவாரம் போட, பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் பறிக்க என்று வேலைக்குக் குறைவில்லை. சில மாடல்களில் பின்பகுதி செயின் அகலத்தைத் தாண்டி நீட்டாமல் சுழலும். சுவரை ஒட்டி நின்று வேலை செய்ய அவைதான் வசதி.

வேலை இருக்கிறது என்பதால் வாங்க ஆசைப்படுகிறவர்களும் அதிகம். யாரோ ஒருவரின் மெஷினில் வருடக்கணக்கில் ஆபரேட்டராக இருந்துவிட்டு, இனி சொந்தமாக ஒன்று ஓட்டலாம் என்று நினைக்கும் இளைஞர். டிராக்டர் வாடகையோடு இதையும் சேர்த்துச் செய்யலாம் என்று கணக்குப் போடும் விவசாயி. சைட்டுக்குச் சைட் வாடகை கொடுத்துச் சலித்துப்போன சிறு கான்ட்ராக்டர். புது மெஷின் விலை இவர்களில் பலருக்கு எட்டாது. அதனால் நகையை வைத்து, பைனான்ஸில் கொஞ்சம் வாங்கி, பழையதைத் தேடிப் போகிறார்கள். அந்த ஒரு முடிவில் தவறினால் குடும்பமே சில வருடங்களுக்கு மூச்சுத் திணறும். ஆகவே விலை பேசுவதை வாய்ச் சாமர்த்தியம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. மெஷினின் அடியில் படுத்துப் பார்த்தவரும், காகிதத்தில் கணக்கு எழுதிக்கொண்டு வந்தவரும்தான் நியாயமான தொகையைச் சொல்ல முடியும்.

மினி வகை மெஷின் பிறந்தது ஜப்பானில். நெருக்கமான வீதிகளும் சிறு வயல்களும் கொண்ட நாட்டுக்குப் பெரிய மெஷின்கள் ஒத்துவரவில்லை. யன்மார் நிறுவனம் 1968-ல் தன் முதல் சின்னத் தோண்டு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. குபோட்டா 1974-ல் களமிறங்கியது. இன்றும் பல பிராண்டுகளின் மினிகளுக்குள் இருப்பது இந்த இரு கம்பெனிகளின் டீசல் இன்ஜின்கள்தான். வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றாகவும் உள்ளே இன்ஜின் வேறொன்றாகவும் இருக்கும். இன்ஜின் பாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கும்போது இது உதவும். சென்னையைச் சுற்றியும் இப்போது கட்டுமான மெஷின், இன்ஜின் தயாரிப்பு வேரூன்றியிருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் பாப்கேட், திருவள்ளூரில் கேட்டர்பில்லர், ஒரகடத்தில் கோமாட்சு, பொன்னேரிப் பக்கம் யன்மார் இன்ஜின் ஆலை.

விலை கேட்கும் முன் சொந்தக் கணக்கு

புரோக்கருக்குப் போன் போடும் முன் வாங்குபவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மாதத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை கைவசம் இருக்கிறது? இந்தத் தொழிலில் எல்லாமே மணிக்கணக்கு. வாடகை மணிக்கு, டீசல் மணிக்கு, தேய்மானமும் மணிக்குத்தான்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று டன் மினி மணிக்குச் சுமார் மூன்று லிட்டர் டீசல் குடித்தால் 280 ரூபாய் போய்விடும். ஆபரேட்டர் சம்பளமும் பேட்டாவும் சேர்த்து 200. ஆயில், கிரீஸ், பில்டருக்கு 100. செயின், பின், புஷ் என்று பின்னால் வரப்போகும் செலவுக்கு இப்போதே 150 ஒதுக்க வேண்டும். மிச்சம் 270 ரூபாய்.

மெஷினுக்காக 10 லட்சம் ரூபாய் கடன், 14 சதவீத வட்டி, 36 மாதத் தவணை என்றால் மாதம் சுமார் 34,200 ரூபாய் கட்ட வேண்டும். அதை 270-ஆல் வகுத்தால் 127 மணி வருகிறது. அதாவது மாதத்துக்கு 127 மணி ஓடினால்தான் தவணையே கட்ட முடியும்; வீட்டுக்கு அரிசி வாங்க அதற்கு மேல் ஓட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மெஷின் சும்மா நிற்கும் வாரங்களிலும் தவணை நிற்காது. உரிமையாளரே ஓட்டினால் கணக்கு மாறுகிறது. ஆபரேட்டர் செலவு மிச்சமாகி மணிக்கு 470 நிற்கும். 73 மணி ஓடினால் தவணை முடிந்துவிடும்.

இந்தச் சின்னக் கணக்கை எழுதாமல் சந்தைக்குப் போகிறவர், விற்பவர் சொல்லும் விலையிலிருந்து எவ்வளவு குறைக்கலாம் என்று மட்டுமே யோசிப்பார். எழுதிக்கொண்டு போகிறவருக்கோ தன்னால் தாங்க முடிந்த உச்சத் தொகை தெரியும். மெஷின் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு மேல் போகக் கூடாது என்ற திடமும் அவருக்கு இருக்கும்.

மலைப்பகுதிக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் மண் தோண்டும் மெஷின்களை இயக்க முடியாது. சின்ன மெஷின்தானே என்று நினைத்து வாங்கிவிட்டு அனுமதிக்கு அலைவதைவிட, முதலில் விசாரித்துவிடுவது நல்லது.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது

பார்க்கப் போவதற்கு நல்ல நேரம் அதிகாலை. போனதும் கையை இன்ஜின் மூடியின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் யாரோ முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிரில் முரண்டு பிடிக்கும் இன்ஜின்கூடச் சூடான பிறகு ஒரே திருப்பில் கிளம்பிவிடும். அப்படியானால் ஆறும் வரை காத்திருப்பதோ மறுநாள் வருவதோதான் வழி.

ஸ்டார்ட் ஆனதும் புகையைக் கவனிக்க வேண்டும். முதல் சில நொடிகள் வரும் புகை பெரிதல்ல. விடாமல் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறதா, டீசல் சரியாக எரியவில்லையா என்று ஆராய வேண்டும். கரும்புகைக்கு ஏர் பில்டர் அடைப்பு போன்ற சின்னக் காரணமும் இருக்கலாம், இன்ஜெக்டர் போன்ற பெரிய காரணமும் இருக்கலாம். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதை அந்த வாயின் மேலேயே லேசாக வைத்துப் பார்ப்பார்கள் மெக்கானிக்குகள். மூடியைத் தள்ளும் அளவுக்கு உள்ளிருந்து காற்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். புகையை மறைக்க கெட்டியான ஆயில் ஊற்றி வைக்கும் பழக்கமும் சந்தையில் உண்டு. டிப் ஸ்டிக்கில் வரும் ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தால் பழகிய கைக்குத் தெரிந்துவிடும்.

ஹவர் மீட்டர் 3,200 என்று காட்டுகிறது. நம்பலாமா? வயரைக் கழற்றி ஓட்டுவதும், மீட்டரையே மாற்றுவதும் நடக்கத்தான் செய்கின்றன. மீட்டர் பொய் சொன்னாலும் மற்ற பாகங்கள் உண்மையைச் சொல்லும். கைப்பிடிகளின் ரப்பர் வழவழப்பாகி, பெடலின் வரிகள் அழிந்து, சீட்டின் பஞ்சு வெளியே தெரிந்தால் அது 3,200 மணி ஓடிய மெஷின் அல்ல. சர்வீஸ் பில்களில் ஒவ்வொரு முறையும் மணி எழுதியிருப்பார்கள். தேதியையும் மணியையும் வரிசையாக வைத்தால் வருடத்துக்கு எவ்வளவு ஓடியது என்று வந்துவிடும். ஆறு வருடம் வாடகைக்கு ஓடிய மெஷினில் 3,200 மணிதான் என்றால், இடையில் எங்கே சும்மா நின்றது என்று கேட்கலாம். செயற்கைக்கோள் வழியே ஓட்டத்தைப் பதிவு செய்யும் வசதி பல கம்பெனிகளில் இருக்கிறது. ஜேசிபியில் லைவ்லிங்க், கோமாட்சுவில் கோம்ட்ராக்ஸ். உரிமையாளர் சம்மதித்தால் ஏஜென்சியில் அந்தப் பதிவையே கேட்டுப் பார்க்கலாம். அதற்குச் சம்மதிக்காதவரிடம் விலையைப் பேசும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை.

அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும்

புது பெயின்ட் கண்ணைக் கவரும். ஆனால் பெயின்ட் அடிக்கிறவர்கள் பெரும்பாலும் மேலேதான் அடிக்கிறார்கள். மெஷினின் மதிப்பில் பெரும் பங்கு கீழே இருக்கிறது.

ரப்பர் செயின் வேலையின் தன்மையைப் பொறுத்து 1,200 மணியிலிருந்து 2,000 மணி வரை உழைக்கும். ஓரங்களில் வெடிப்பு இருப்பது பரவாயில்லை. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வெளியே தெரிந்து துருப்பிடித்திருந்தால் அந்தச் செயினின் ஆயுள் முடிந்துவிட்டது. செயினை இழுக்கும் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கூர்மையாகி ஒரு பக்கம் வளைந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினை மாட்டினால் புதியதும் சீக்கிரம் கெடும்.

பக்கெட்டைத் தரையில் அழுத்தி ஒரு பக்கச் செயினைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, அதைக் காற்றில் முன்னும் பின்னும் சுழற்றிப் பார்க்க வேண்டும். டிராவல் மோட்டாரில் கரகரவென்ற சத்தம் வருகிறதா, ஆயில் கசிகிறதா என்று அப்போது தெரியும். பிறகு சமதளத்தில் இரண்டு லீவரையும் ஒன்றாகத் தள்ளி முப்பது அடி ஓட்டச் சொல்லலாம். நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுத்தால், செயின் டென்ஷன் முதல் மோட்டார், பம்ப் வரை எங்காவது குறை இருக்கிறது. மோட்டாரும் பம்பும் மினியில் விலை உயர்ந்த பாகங்கள்.

கிணற்று வேலைக்குப் போன மெஷின் என்றால் இங்கே இன்னும் ஒரு படி ஆழமாகப் பார்க்க வேண்டும். மணிக்கணக்கில் செயின் தண்ணீருக்குள்ளேயே நின்றிருக்கும். டிராவல் மோட்டாரின் சீல் வழியே தண்ணீர் கியர் ஆயிலோடு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்ப்ராக்கெட் பக்கத்து மூடியில் இருக்கும் பிளக்கைக் கழற்றச் சொல்லி, வடியும் ஆயிலைக் கொஞ்சம் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்தால் போதும். பழுப்பாக, தெளிவாக இருந்தால் நிம்மதி. பால் கலந்த டீயின் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கிண்ணத்தை வெயிலில் சாய்க்கும்போது அடியில் வெள்ளிப்பொடி போல மின்னினால் உள்ளே பற்கள் அரைபட்டுக்கொண்டிருக்கின்றன. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் வாங்கி, மூன்றாவது மாதம் மோட்டாருக்கே பெரும் தொகை கொடுக்க நேர்ந்தால், பேரத்தில் குறைத்த பணம் எல்லாம் அதில் போய்விடும்.

கடலோரத்து மெஷின்களின் கதை வேறு. வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களிலும் இறால் பண்ணைகளிலும் உழைத்தவற்றில் உப்பு அடிவரை ஏறியிருக்கும். பெயின்ட் கொப்பளித்திருக்கும் இடங்களைச் சின்னச் சுத்தியலால் தட்டினால் துரு உதிரும். மின்சாரக் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கும். இன்ஜின் நன்றாக இருந்தாலும் ஒயரிங் கோளாறு அடிக்கடி வேலையை நிறுத்தும்.

பூம், ஆர்ம் இரண்டிலும் வெல்டிங் தழும்பைத் தேட வேண்டும். மினியில் பூம் முழுவதுமே இடம் வலமாகத் திரும்பும் ஒரு கணுவில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கணுப் பகுதியில்தான் விரிசல் முதலில் விழும். பிரேக்கர் மாட்டிப் பாறை உடைத்த மெஷின்களில் இது சகஜம். பிரேக்கருக்கான கூடுதல் பைப் லைன் பூம் ஓரமாகப் போகிறதா என்று பார்த்தால் அந்த மெஷின் எந்த வேலை செய்தது என்பது புரியும். பக்கெட்டைக் கையால் பிடித்து ஆட்டினால் பின், புஷ் தேய்மானம் லொடலொடவென்று தெரிந்துவிடும். மேல்பாகம் சுழலும் பேரிங்கைச் சோதிக்க, பக்கெட்டை ஊன்றி மெஷினின் முன்பக்கத்தை மெல்லத் தூக்கி இறக்கச் சொல்லி, மேலுக்கும் கீழுக்கும் நடுவில் இடைவெளி திறந்து மூடுகிறதா என்று பார்க்கிறார்கள். நன்றாகத் திறந்து மூடினால் அந்த மெஷினை விட்டுவிடலாம் என்பதே சரியான முடிவு. அந்த பேரிங்கை மாற்ற மேல்பாகத்தையே கழற்றித் தூக்க வேண்டும்.

கடைசியாக ஹைட்ராலிக். அரை மணி நேரமாவது உண்மையாக மண் அள்ளி, ஆயில் சூடான பிறகுதான் பம்பின் சோர்வு தெரியும். சூடானதும் வேகம் குறைந்தால் பம்ப் தேய்ந்திருக்கிறது. பக்கெட் நிறைய மண்ணோடு பூமை உயர்த்தி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சிலிண்டர் கம்பியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு டீ குடித்து வந்தால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். லேசாக இறங்குவது பழைய மெஷினுக்கு இயல்பு. கண்ணெதிரே இறங்கினால் சீல் போயிருக்கிறது.

நம்பர் பிளேட் இல்லாத சொத்து

ஜேசிபிக்கு ஆர்சி புத்தகம் உண்டு. பெயர் மாற்ற படிவம் 29, 30. கடன் நீக்க படிவம் 35. கடன் பாக்கி இருந்தால் ஆர்சியிலேயே தெரியும். இரும்புச் செயினில் ஓடும் ஹிட்டாச்சிகளுக்கு அப்படி ஆர்டிஓ பதிவு கிடையாது. மினிகளும் பெரும்பாலும் நம்பர் பிளேட் இல்லாமல் லாரி ஏறித்தான் ஊர் விட்டு ஊர் போகின்றன. அப்படியானால் இந்த மெஷின் யாருடையது என்பதற்கு என்ன சாட்சி?

முதலில் விற்கப்பட்டபோது ஏஜென்சி கொடுத்த ஒரிஜினல் இன்வாய்ஸ். அதிலிருந்து இன்றைய உரிமையாளர் வரை யார் யாருக்குக் கைமாறியதோ அத்தனை விற்பனைப் பத்திரங்கள். கடன் வாங்கியிருந்தால், கடன் முடிந்தது என்று பைனான்ஸ் கம்பெனி தரும் என்ஓசி. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தாலும் மேலே பேசக் கூடாது. விற்பவருக்கே இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது என்பதுதான் 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வகுத்திருக்கும் பொது விதி. தவணை பாக்கி இருக்கும் மெஷினை முழுப் பணமும் கொடுத்து வாங்கியவரின் வாசலில் ஒரு நாள் பைனான்ஸ்காரர்கள் வந்து நிற்பது இப்படித்தான்.

இன்வாய்ஸில் இருக்கும் சேசிஸ் நம்பரும் மெஷினில் குத்தியிருக்கும் நம்பரும் ஒன்றா என்று படித்துப் பார்த்தால் மட்டும் போதாது. நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து சேசிஸ் பிரின்ட் எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம். எண்களைச் சுற்றிச் சுரண்டிய தடமோ புது வெல்டிங்கோ இருந்தால் அந்தக் காகிதத்தில் விழுந்துவிடும். மண், மணல் திருட்டு வழக்கில் சிக்கிய மெஷினா என்றும் விசாரிக்க வேண்டும். கனிமச் சட்டத்தின் 21-ம் பிரிவு, அனுமதியில்லாமல் கனிமம் எடுக்கப் பயன்பட்ட வாகனத்தையும் கருவியையும் பறிமுதல் செய்ய இடம் தருகிறது. வழக்கு முடியாத மெஷினைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஜப்பானில் ஓடி முடித்துக் கப்பலில் வந்த மெஷின்களும் சந்தையில் உண்டு. பார்க்க நன்றாக இருக்கும், பராமரிப்பும் ஒழுங்காக இருந்திருக்கலாம். ஆனால் ஜப்பான் உள்நாட்டுக்கென்றே செய்த மாடல்களுக்கு இங்குள்ள ஏஜென்சியில் பாகம் கிடைக்காமல் போகலாம். மாடல் எண்ணைச் சொல்லி, ஒரு பில்டருக்கும் ஒரு டிராவல் மோட்டார் சீலுக்கும் விலை கேட்டுப் பார்த்தால் போதும், அந்த மெஷினோடு வாழ முடியுமா என்று தெரிந்துவிடும்.

பைனான்ஸ் கம்பெனிகள் பறிமுதல் செய்து ஏலத்துக்கு விடும் மெஷின்கள் விலையில் கவர்ச்சியாக இருக்கும். அங்கே உள்ளது உள்ளபடிதான் விற்பனை. மண் அள்ளிச் சோதிக்க விடுவது அரிது. யார்டில் மாதக்கணக்கில் நின்றதில் பேட்டரி செத்து, சீல்கள் காய்ந்து, எலி ஒயரைக் கடித்திருக்கும். கைதேர்ந்த மெக்கானிக் கூடவே இருப்பவர்களுக்கு ஏலம் பொருந்தும். முதல் மெஷின் வாங்குபவருக்குப் பொருந்தாது.

பேரம்: ஒரே தேய்மானத்தை இருமுறை கழிக்கக் கூடாது

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதுபோல, இந்தத் தொழிலிலும் புரோக்கர்கள் விற்பவரையும் வாங்குபவரையும் தனித்தனியே அழைத்துப் பேசுவதுண்டு. அதில் தவறில்லை. ஆனால் கமிஷன் யார் தருவது, எவ்வளவு என்பதை முதல் பேச்சிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். விலை ஏற ஏறக் கமிஷனும் ஏறுகிற ஒப்பந்தத்தில், புரோக்கர் விலையைக் குறைத்துத் தருவார் என்று எதிர்பார்ப்பது சரியல்ல.

நியாய விலைக்கு வரும் வழியை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்கு மட்டுமே. நான்கைந்து வருடம் ஆன, 4,000 மணி ஓடிய மினி ஒன்றுக்கு விற்பவர் 15 லட்சம் கேட்கிறார். அதே மாடல், அதே வயது மெஷின்கள் நடுத்தர நிலையில் எவ்வளவுக்குக் கைமாறியிருக்கின்றன என்று நாலு இடத்தில் விசாரித்ததில் 14 லட்சம் என்று தெரிகிறது. விளம்பரத்தில் போட்ட விலையை இதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. முடிந்த விலைதான் அளவுகோல்.

பார்வையிட்டதில் செயின் இரண்டும் முழுதாகத் தேய்ந்திருக்கின்றன. ஏஜென்சி கொட்டேஷன் 1,30,000. பின், புஷ் மாற்றி லேத் பட்டறையில் போரிங் அடிக்க 45,000. இரண்டு சிலிண்டர் சீலுக்கு 15,000. மொத்தம் 1,90,000. உடனே 14 லட்சத்திலிருந்து இந்த முழுத் தொகையையும் கழிக்க நினைப்பார்கள் பலர். அது நியாயம் அல்ல. 4,000 மணி ஓடிய மெஷின் என்பதற்காகவே சந்தை விலை 14 லட்சமாக இறங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட மெஷினில் செயின் பாதித் தேய்மானத்தோடு இருக்கும் என்பது அந்த விலையிலேயே அடக்கம். ஆகவே செயினுக்குக் கேட்க வேண்டியது பாதித் தொகைதான், 65,000. பின், புஷ்ஷும் சீலும் வழக்கத்தைவிட அதிகமாகப் போயிருப்பதால் அவற்றை முழுதாகக் கழிக்கலாம். ஆக 1,25,000. நியாய விலை 12,75,000.

கூட்டவும் வேண்டும். சர்வீஸ் பில் முழுவதும் இருக்கிறதா, ஒரே உரிமையாளரா, கூடுதல் பக்கெட் தருகிறாரா, பிரேக்கர் சேர்த்தா? இவற்றுக்கு விற்பவர் விலை கேட்டால் அது நியாயமான கோரிக்கை. வருடக்கணக்கில் வேளாவேளைக்குக் கிரீஸ் அடித்து, ஆயில் மாற்றிக் காப்பாற்றியவருக்கும், மெஷினைச் சக்கையாகப் பிழிந்தவருக்கும் ஒரே விலை என்றால், நன்றாகப் பராமரிக்க யாருக்கு மனம் வரும்? அவசரத்துக்கு விற்பவரிடம் அடிமாட்டு விலை கேட்பதும் பல நேரம் பலன் தராது. மெஷினின் பழைய வியாதிகளை அறிந்த ஒரே மனிதர் அவர்தான். மனக்கசப்போடு விற்றவர், பின்னால் ஒரு சந்தேகம் கேட்டால் போனை எடுக்க மாட்டார்.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஓடும்.

“பதினஞ்சுக்கு ஒரு ரூபா குறையாதுங்க தம்பி. மத்தியானம் ஒரு பார்ட்டி அட்வான்ஸோட வர்றாங்க.”

“அவங்களுக்குக் குடுத்தாலும் சரிதானுங்கண்ணா. நான் பார்த்ததை எழுதியிருக்கேன். செயின் கொட்டேஷன் இது, பட்டறைக்காரர் சொன்னது இது. நீங்களே ஒரு தடவை பாத்துக்கோங்க.”

“செயின் இன்னும் ஆறு மாசம் ஓடுமே!”

“ஓடட்டுங்கண்ணா. நானும் பாதிதான் போட்டிருக்கேன்.”

அந்தக் காகிதம் கைமாறும்போது பேச்சின் போக்கு மாறிவிடும். அதுவரை மனிதரைப் பற்றியதாக இருந்த வாக்குவாதம் மெஷினைப் பற்றியதாகிறது. விற்பவருக்குக் கௌரவக் குறைவு இல்லை. தன் மெஷினை மட்டம் தட்டுகிறார் என்ற கோபமும் வராது. முதலில் 12,25,000 சொல்லி, இரண்டு மூன்று படிகளில் ஏறி, 12,75,000-க்கும் 13 லட்சத்துக்கும் நடுவில் எங்கே முடிந்தாலும் இருவரும் நிறைவோடு போகலாம். 13 லட்சத்துக்குக் கீழே வரவே மாட்டேன் என்று நின்றால், பின் புஷ் வேலையை அவர் செலவில் முடித்துத் தரச் சொல்லலாம். அவருக்குத் தெரிந்த பட்டறையில் அவருக்குக் குறைவாகவே முடியும். மதியம் வரும் பார்ட்டிக்காகப் பயந்து அட்வான்ஸ் போட்டுவிடுவதுதான் அதிகம் பேர் செய்யும் பிழை.

பணம் கொடுக்கும் விதம்

தொகை முடிவானதும் ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டாக வேண்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ள கான்ட்ராக்டர் விற்றால் பில்லில் வரி வரும். 18 சதவீதம் என்பது 13 லட்சத்தில் 2,34,000 ரூபாய். கடைசி நிமிடத்தில் அதைக் கேட்டு அதிர்ச்சி அடைகிறவர்கள் உண்டு. வாங்குபவருக்கும் ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதை வரவு வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆடிட்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம். வருமான வரிச் சட்டப்படி 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பதால், வங்கி வழியாகவே கொடுப்பது இருவருக்கும் பாதுகாப்பு. முழு விலையையும் பில்லில் காட்ட வேண்டும். நாளைக்கு இன்சூரன்ஸ் கோரும்போதோ மெஷினை மறுபடி விற்கும்போதோ அந்தக் காகிதம்தான் பேசும்.

அட்வான்ஸ் ரசீதில் மெஷினின் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பேசிய விலை, உடன் தரும் பொருட்கள், மீதிப் பணம் தரும் தேதி எல்லாம் இருக்க வேண்டும். அவற்றோடு ஒரு வரி சேர்ப்பது நல்லது: குறிப்பிட்ட தேதிக்குள் என்ஓசி வராவிட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்பத் தரப்படும். கடன் பாக்கி இருக்கும் மெஷின் என்றால், விற்பவர் கையில் பணத்தைக் கொடுத்து அவர் போய்க் கட்டுவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இருவரும் பைனான்ஸ் அலுவலகத்துக்கே போய், பாக்கித் தொகையை நேரடியாகக் கடன் கணக்கில் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, மிச்சத்தை மட்டும் விற்பவருக்குக் கொடுக்கலாம். கடன் முடிந்தாலும் என்ஓசி கைக்கு வரச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரை ஐம்பதாயிரம் ரூபாயை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால், என்ஓசியைத் துரத்தி வாங்கித் தரும் பொறுப்பு விற்பவரிடமே இருக்கும். மெஷினை லாரியில் ஏற்றுவது அந்த ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்ட பிறகுதான்.